கடலுக்கும் தேரிக்கும் நடுவே

கிழங்கு வெட்டிச் சேகோ ஆலைக்கு அனுப்பி, பருத்தி மூட்டையும் ஏலத்தில் போட்டு முடித்த பிறகு மல்லசமுத்திரத்துக்காரர்கள் கையில் கொஞ்சம் காசும் கொஞ்சம் ஓய்வும் சேரும். அப்போதுதான் வேன் பேசுவார்கள். பழனிக்கு நடந்தே போய் வந்துவிடுவதால் அதை யாரும் பயணக் கணக்கில் வைப்பதில்லை. திருச்செந்தூர்தான் பயணம். திருச்செங்கோடு, பரமத்தி வேலூர், கரூர், திண்டுக்கல், மதுரை, தூத்துக்குடி என்று நானூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம். கடல் பார்க்காத பெரியவர்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். பார்த்தவர்களில் பாதிப் பேர் பார்த்தது செந்தூர்க் கடலைத்தான்.

இந்த முறை வேன் கூட்டத்தோடு போகவில்லை. மாமாவும் நானும் மட்டும் பஸ் ஏறினோம். மாமா ரிக் வண்டியில் வயதைக் கழித்தவர். திருச்செங்கோட்டு வட்டாரத்து ரிக் வண்டிகள் போகாத மாநிலம் இந்தியாவில் இல்லை. அவர் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று ஊர் ஊராகப் போர் போட்டவர். ராஜஸ்தான் பாலைவனத்தில் ஒரு கோடை முழுக்க இருந்ததைப் பற்றி இன்றைக்கும் பேசுவார். அதனால் கோயிலோடு நிறுத்தாமல், பக்கத்திலிருக்கும் செம்மணல் தேரிக்காட்டையும் பார்த்துவிடலாம் என்றேன். செல்போன் வீடியோக்களில் அதைத் ‘தமிழ்நாட்டுச் சகாரா’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாமா ஒரே கேள்விதான் கேட்டார்: “அங்க எத்தன அடில தண்ணி, மாப்ள?”

எங்கள் ஊரில் எந்தப் பேச்சும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும். மல்லசமுத்திரத்தின் அடியில் இருப்பது பழைய கருங்கல் பாறை. மேலே சில அடிக்கு மண், அதன்கீழ் உளுத்த கல், பிறகு கெட்டிப் பாறை. தண்ணீர் பாறைக்குள் ஊறி நிற்காது. வெடிப்பு இருக்கும் இடத்தில்தான் இருக்கும். அந்த வெடிப்பைத் தேடி ஆயிரம் அடி, ஆயிரத்து இருநூறு அடி என்று இறக்குகிறோம். புகை மட்டும் வந்து நிற்கும் போர்கள் எல்லோர் தோட்டத்திலும் உண்டு. மல்லசமுத்திரம் வட்டாரத்தில் ஓடும் திருமணிமுத்தாறு ஏற்காட்டு மலையில் நன்றாகத்தான் பிறக்கிறது. சேலம் நகரைத் தாண்டும்போது சாயக்கழிவையும் சாக்கடையையும் வாங்கிக்கொண்டு வருகிறது. இந்த ஊரிலிருந்து போகிறவன் வேறு ஊரைப் பார்க்கும் கண்ணும் கொஞ்சம் மாறித்தான் இருக்கும்.

மதுரை தாண்டினால் பாறை மறைந்து கரிசல் வருகிறது. தூத்துக்குடிக்குள் நுழையும்போது இருபுறமும் உப்பளம். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடி அதிகம் உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு இந்தக் கரையில். கடல்நீரை மடைகட்டிப் பாய்ச்சிக் காய விடுகிறார்கள் என்றே நான் நினைத்திருந்தேன். பல அளங்களில் கடலை மட்டும் நம்புவதில்லை. போர் போட்டு, நிலத்துக்கு அடியிலிருக்கும் உவர்நீரை மோட்டார் வைத்து எடுத்துப் பாத்தியில் விடுகிறார்கள். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். உப்புத் தண்ணீர் வந்தால் அழுகிற தொழிலில் இருந்தவருக்கு, அதற்காகவே போர் போடும் ஊர் புதிது.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் நாற்பது கிலோமீட்டர். முக்காணியில் தாமிரபரணியைக் கடக்கிறோம். கடலுக்குப் போகும் கடைசி நடையில் ஆறு அகலமாகப் படுத்திருக்கிறது. ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால்கள். ஆறுமுகநேரியில் மறுபடி உப்பு. அதன் பிறகு காயல்பட்டினம். அந்தப் பெயரைப் பார்த்ததும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் மழைக்கதையை ஆரம்பித்தார். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. திருச்செந்தூரில் 69. தூத்துக்குடி மாவட்டத்தின் ஆண்டுச் சராசரியே 65 சென்டிமீட்டரைச் சுற்றித்தான். ஒன்றரை வருஷ மழை ஒரு பகல் ஒரு இரவில். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று, தண்டவாளத்துக்கு அடியிலிருந்த மண் அரித்துப்போய், நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். ‘சகாரா’ பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்கவேண்டிய கதை இதுதான்.

*

திருச்செந்தூரைக் கோயில் ஊர் என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். எனக்கு அது தமிழ்நாட்டின் மிகப் பெரிய கடற்கரை உல்லாச ஊர்களில் ஒன்று. வெள்ளைக்கார நாட்டு மாதிரிக் குடையும் சாய்வு நாற்காலியும் இல்லையே தவிர, ஜனம் வருவது கடலில் விழுவதற்குத்தான். விடியற்காலை நாலரைக்கே கரையில் கூட்டம். மொட்டையடித்த தலைகளில் சந்தனம். பாட்டிமார் கைகோத்து வரிசையாக நின்று, அலை வரும்போது ஒரே குரலில் கூவிக்கொண்டு உட்காருகிறார்கள். கொங்குப் பேச்சு நாலு பக்கமும் கேட்கிறது: “பாப்பாவப் புடிங்க, பாப்பாவப் புடிங்க.” சுக்குக் காப்பி, அவித்த பனங்கிழங்கு, சிப்பி மாலை, ஈரத்துணியை உலர்த்த மணலில் விரித்த பிளாஸ்டிக் பாய். பக்தியையும் விளையாட்டையும் பிரிக்கத் தெரியாத கூட்டம், பிரிக்கவேண்டியதும் இல்லை.

ஆறுபடை வீடுகளில் கடற்கரையில் இருப்பது இது ஒன்றே. மேற்குப் பக்கம் ஒன்பது நிலை ராஜகோபுரம். கிழக்கே கடல் இருப்பதால் கோபுரம் எதிர்ப்பக்கம் போய்விட்டது. 2025 ஜூலை 7இல் குடமுழுக்கு நடந்ததால் வண்ணம் இன்னும் புதிதாக இருக்கிறது. நெரிசலைச் சமாளிக்க வரிசைக் கூடங்கள், விடுதிகள் என்று பெரிய செலவில் வேலை நடந்திருக்கிறது. நல்ல வேலைதான். ஆனால் கட்டடம் கூடக் கூடக் கடலைப் பார்க்கும் இடம் குறைகிறதோ என்று எனக்குத் தோன்றியது. கடலும் சும்மா இல்லை. சமீப ஆண்டுகளில் கோயிலுக்கு முன்னால் மணலை அரித்துக்கொண்டு போய், படிக்கட்டுக்குக் கீழே ஆள் உயரத்துக்குப் பள்ளம் விழுந்ததைப் படங்களில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

1648இல் டச்சுக்காரர்கள் இந்தக் கோயிலைப் பிடித்து வைத்திருந்தார்கள். போகும்போது சண்முகரையும் நடராஜரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள்; நடுக்கடலில் புயல் வந்து விக்கிரகங்களைத் தண்ணீரில் இறக்கினார்கள் என்பது கதை. 1653இல் நாயக்கர் அரசின் அதிகாரி வடமலையப்ப பிள்ளை கனவில் கண்ட அடையாளப்படி, எலுமிச்சம்பழம் மிதந்த இடத்தில் தேடி மீட்டார் என்கிறார்கள். கனவையும் எலுமிச்சம்பழம் மிதந்த இடத்தையும் சொல்லும்போது உள்ளூர்க்காரர்கள் குரல் மாறுகிறது. டச்சுக்காரரை மறந்துவிடாதீர்கள், அவர்களில் ஒருவர் இன்னும் சற்று நேரத்தில் வருவார்.

கடலில் குளித்தவர்கள் அடுத்துப் போவது நாழிக்கிணறு. கோயிலுக்குத் தெற்கே, கடலிலிருந்து கூப்பிடு தூரம். படியிறங்கிப் போனால் ஒரு கிணறு. அதன் அடியில் ஓரடி சதுரத்துக்கு இன்னொரு சின்னக் கிணறு. முருகன் தன் படைகளின் தாகம் தீர வேல் ஊன்றிய இடம் என்பது ஐதீகம். வாளியில் மொண்டு தலையில் ஊற்றுகிறார்கள். உதட்டில் கடல் உப்பு இருக்கும்போதே இந்தத் தண்ணீர் வழிகிறது, உப்புக் கரிக்கவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் இறைத்தும் ஊறிக்கொண்டே இருக்கிறது.

மாமா ரொம்ப நேரம் எட்டிப் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்றவர் முதுகில் தட்டினார். மேலே வந்ததும், “நம்மூர்ல இந்த ஆழத்துக்கு வெறும் மண்ணுதானுங்க மாப்ள” என்றார். வயதில் பெரியவர் எனக்கு ‘ங்க’ போட்டது அதிர்ச்சியில்தான்.

வேல் ஊன்றியதன் விளக்கத்தை ஐதீகத்துக்கு விட்டுவிடுவோம். தண்ணீர் உப்பாகாமல் நிற்பதற்கு மட்டும் ஒரு கணக்கு இருக்கிறது. நல்ல தண்ணீரைவிடக் கடல்நீர் நூற்றுக்கு இரண்டரை பங்கு எடை அதிகம். மழைநீர் மணலில் இறங்கும்போது கனத்த உப்புநீரோடு உடனே கலந்துவிடாமல் அதன் மேல் மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் நாற்பது அடிக்கு அது உப்பைத் தள்ளி வைத்திருக்கும். இதை 1889இல் எழுதியவர் பாடன் கைபன் என்ற டச்சுப் பொறியாளர். 1901இல் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியர், வடகடல் கரையில் ஜனங்கள் கடற்குளியலுக்குக் கூடும் ஊர்களுக்குக் குடிநீர் தேடியபோது தனியாக அதே கணக்குக்கு வந்தார். இருவர் பெயரும் சேர்ந்து இன்றைக்கு நிலத்தடி நீர்ப் பாடத்தில் இருக்கிறது. குளிக்க வரும் கூட்டத்துக்கு மணலுக்குள்ளிருந்து தண்ணீர் எடுப்பது உலகத்துக்குப் பொதுவான சங்கதி.

கணக்கின் மறுபக்கம்தான் முக்கியம். மேலே ஒரு அடி குறைந்தால், கீழே நாற்பது அடி உப்பு ஏறும்.

*

மறுநாள் இருட்டு பிரியும்போதே ஆட்டோ பேசி, காயாமொழி வழியாகத் தேரிக்குக் கிளம்பினோம். பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை. வாழைத்தோட்டம், முருங்கைத் தோட்டம், பனைவிடலி என்று போய்க்கொண்டே இருந்தது. திடீரென்று மண் சிவந்தது. எங்கள் ஊர்ச் செம்மண் பழுப்பு கலந்தது. இது மிளகாய்த்தூள் கொட்டி வைத்த நிறம். ரோட்டோரத்திலேயே மேடு ஏற ஆரம்பிக்கிறது. செருப்பைக் கழற்றப் போன மாமாவை ஆட்டோக்காரர் தடுத்தார். “காலேலதான் இப்படி அண்ணாச்சி. ஒம்போது மணிக்கு மேல வெறுங்கால வச்சியன்னா பொத்துப் போயிரும்.”

குதிரைமொழித் தேரி பன்னிரண்டாயிரம் ஏக்கர் அளவுக்கு விரிந்தது. ஏறி நின்றால் சிவப்பு அலை அலையாகப் போகிறது. இடையிடையே பனை, குடை விரித்த உடைமரம், வனத்துறை வளர்த்த முந்திரி. இந்தப் பக்கத்தில் முந்திரியைக் கொல்லாமரம் என்கிறார்கள். மணலை அள்ளிப் பார்த்தால் சர்க்கரையைவிட நயமாக விரல் இடுக்கில் ஓடுகிறது. உள்ளங்கையில் செம்பொடி ஒட்டிக்கொள்கிறது. பெரும்பாலான குருணைகள் வெள்ளைக்கல்தான், அவற்றின்மேல் இரும்புத் துரு பூசியிருக்கிறது. கூர்ந்து பார்த்தால் கறுப்புக் குருணைகளும் தெரிகின்றன.

இந்த மணல் எங்கிருந்து வந்தது என்பதில் இரண்டு கட்சி. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆடி மாதக் காற்று அடிக்கும்போது, நாங்குநேரிப் பக்கத்துச் செம்மண்ணை வாரிக்கொண்டு வந்து கொட்டியது என்பது பழைய விளக்கம்; 1917இல் பேட் எழுதிய திருநெல்வேலி கெசட்டியரைப் படித்தவர்கள் இதைச் சொல்வார்கள். பனியுகத்தில் உலகெங்கும் கடல் நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தபோது, வெளியே தெரிந்த மன்னார் வளைகுடாவின் தரைமணலைக் காற்று உள்ளே தள்ளியது, பிறகு அது வெயிலிலும் மழையிலும் சிவந்தது என்பது இன்னொன்று. மணலின் வயதை அளந்தவர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுக் கணக்குச் சொல்கிறார்கள். மனிதன் அதற்குப் பிறகு சும்மா இருக்கவில்லை. சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம் பக்கத்துத் தேரிகளில் கிடைத்த விரல்நக அளவுக் கற்கருவிகளைப் பற்றி ஆய்வாளர்கள் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் 1956இல் எழுதினார்கள். தேரியில் வேட்டையாடி மீன் பிடித்தவர்கள் குடிக்க என்ன செய்தார்கள் என்று நான் கேட்டதற்கு மாமா சிரித்தார். “தோண்டியிருப்பானுங்க. மணல்ல தோண்ட ரிக்கா வேணும்?”

அவர் குனிந்து, கையாலேயே மணலை விலக்கினார். முழங்கை ஆழம் போகவில்லை, மண் நிறம் கருத்தது. ஈரம். ராஜஸ்தானில் இதற்காக எத்தனை ராடு இறக்கியிருப்போம் என்று சொல்லிக்கொண்டே கையை வேட்டியில் துடைத்தார், வேட்டியும் சிவந்தது.

இதனால்தான் ‘சகாரா’ என்ற பேச்சு எனக்கு ஒட்டவில்லை. நமீபியாவில் ஸ்வாகோப்மண்ட் என்று ஒரு கடற்கரை ஊர் இருக்கிறது. நமீப் பாலைவனத்து மணல்மேடு அங்கே நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. குளிர்ந்த நீரோட்டம் மேகத்தைப் பெய்ய விடாததால் வருஷத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் மழைகூட இல்லை. அது பாலைவனம். தேரிக்கு அதைப்போல முப்பது மடங்குக்கு மேல் மழை. பெய்கிற மழை மேலே ஓடாமல் அப்படியே உள்ளே இறங்கிவிடுவதால்தான் மேல்தோல் வறண்டு கிடக்கிறது. எங்கள் ஊர் நிலம் பச்சையாக இருக்கும், வயிறு காலி. இங்கே நேர்மாறு.

2023 மழையில் தேரி என்ன ஆனது என்று ஆட்டோக்காரரைக் கேட்டேன். “குடிச்சிட்டு அண்ணாச்சி. மேட்டுல ஒரு சொட்டு நிக்கல. பள்ளத்துல மட்டும் கொளமாக் கெடந்துச்சு, மாசக்கணக்கா.” பள்ளத்தில் தேங்கும் இந்த ஆழமில்லாத ஏரிகளுக்குத் தருவை என்று பெயர். மழைக்காலத்தில் நிரம்பி, வற்ற வற்ற ஓரத்தில் பயிர் வைக்கும் வழக்கம் சாத்தான்குளம் பக்கம் பழையது. ஆற்றையும் இப்போது இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். தாமிரபரணியில் வீணாகும் வெள்ளநீரைக் கன்னடியன் கால்வாயிலிருந்து பிரித்து, கருமேனியாற்றையும் நம்பியாற்றையும் இணைத்துக் கொண்டுவரும் கால்வாய் வேலை 2009இல் தொடங்கியது. 75 கிலோமீட்டர் ஓடி அது முடியும் இடம் எம்.எல். தேரி. ஆற்றைக் கொண்டுபோய் மணலில் விடுவது வெட்டி வேலை என்று மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் நினைக்கலாம். கையில் ஈரத்தோடு நின்றவருக்கு அப்படித் தோன்றவில்லை.

நான் சொன்ன அந்தக் கறுப்புக் குருணைக்கும் ஒரு கதை உண்டு. அது இல்மனைட், டைட்டானியம் எடுக்க உதவும் கனிமம். 2002இல் டாடா நிறுவனம் சாத்தான்குளம், ராதாபுரம் பகுதித் தேரிகளில் டைட்டானியம் டை ஆக்சைடு ஆலை அமைக்க அரசோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. 2007இல் நிலம் எடுக்கும் பேச்சு வந்தபோது ஊர்கள் எதிர்த்து நின்றன; திட்டம் நின்றது. நிலத்தைக் காப்பாற்ற நின்றவர்களில் தண்ணீரைப் பற்றிப் பேசியவர்களின் வாதம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. தேரி மணலைச் சலித்தெடுத்தால் கனிமம் கிடைக்கும், மழையைப் பிடித்து வைக்கும் பாத்திரம் போய்விடும். வெயிலில் நின்று இதை மாமாவிடம் சொன்னேன். “சுனையக் காட்டுறேன்னியே” என்றார்.

மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் தேரிக்கு நடுவில் இருக்கிறது. சிவப்பு மேட்டிலிருந்து இறங்கினால் திடீரென்று நிழல். உயர்ந்த மரங்கள், குளிர்ந்த காற்று, பறவைச் சத்தம், கோயிலை ஒட்டிச் சுனை. சுற்றியிருக்கும் மேடுகளில் இறங்கிய மழை, பள்ளத்தில் இங்கே வெளியே வருகிறது. படத்தில் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். பாலைவனச் சோலை என்று பள்ளிப் புத்தகத்தில் வரைந்து காட்டியது எங்கள் ஊரிலிருந்து ஒரு ராத்திரி பஸ் தூரத்தில் இருக்கிறது. குலசாமி கும்பிட வந்த ஒரு குடும்பம் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தது. எங்கேயிருந்து வருகிறோம் என்று கேட்டு, இலை போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். மறுத்தால் கோபம் வரும் பக்கம் இது.

தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார். கார்த்திகை கடைசியில் நடக்கும் கள்ளர்வெட்டுத் திருவிழாவுக்குக் கூட்டம் அலைமோதும். கோயிலுக்குப் பின்னால் தேரியில் கள்ளனுக்குப் பதிலாக இளநீரை வைத்து வெட்டுவார்கள். வெட்டியவுடன் ஜனம் விழுந்தடித்து அந்த மணலை அள்ளும். வீட்டில் வைப்பார்கள், வயலில் தூவுவார்கள், கடையில் முடிந்து வைப்பார்கள். தேரி மணல் மும்பை, சென்னைப் பலசரக்குக் கடைகள் வரைக்கும் போகிறது. கனிமக்காரர்கள் கணக்கில் வராத ஏற்றுமதி.

*

உடன்குடிக்குப் போகாமல் திரும்ப முடியாது, காரணம் கருப்பட்டி. தேரியின் வேர்ப்பிடி பனை. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டினால் புளிக்காத பதநீர். அதை விடிலி என்ற ஓலைக்குடிலில் பனையோலையும் பாளையும் எரித்துக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி ஆற வைத்தால் கருப்பட்டி. எங்கள் பக்கம் ஜேடர்பாளையத்தில் காவிரித் தண்ணீர் பாய்ச்சிய கரும்பில் வெல்லம் காய்ச்சி, பிலிக்கல்பாளையம் ஏலத்தில் சிப்பமாக விற்கிறோம். இவர்கள் ஒரு சொட்டுப் பாசனம் இல்லாமல் அதே இனிப்பை மணலுக்கு அடியிலிருந்து மரத்தின் உச்சிக்குக் கொண்டுவருகிறார்கள். ஏறி இறக்குகிறவருக்கு வரும் கூலியைக் கேட்டால்தான் மனம் ஒப்பவில்லை; மகன்கள் ஏற வரமாட்டேன் என்பதிலும் ஆச்சரியமில்லை. கடையில் சீனி கலந்த கருப்பட்டியும் இருக்கிறது, கடைக்காரரே இரண்டையும் காட்டி விலை சொன்னார். நல்லது கருத்திருக்கும், உடைத்தால் உள்ளே பளபளக்காது, காரம் தட்டும்.

ஒரு காலத்தில் பக்கத்துக் குலசேகரப்பட்டினத்தில் இந்தப் பனை வெல்லத்திலிருந்து சீனி எடுக்கும் ஆலையே இருந்தது. அதற்காகப் போட்ட இரண்டடி அகலக் குட்டி ரயில் திருச்செந்தூரிலிருந்து திசையன்விளை வரை ஆள் ஏற்றிக்கொண்டும் ஓடி, 1940இல் நின்றது. இன்றைக்குக் குலசை என்றால் தசரா. முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு காளியாக, குறவனாக, போலீஸாக, குரங்காக வேஷம் போட்டுக் காணிக்கை எடுக்கும் லட்சக்கணக்கான பேர். அதே கரையில் 2024 பிப்ரவரி 28இல் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குச் செலுத்தும் ராக்கெட் இலங்கைமேல் போகாமல் வளைந்து போகவேண்டியிருக்கிறது. அதில் எரிபொருள் வீண். குலசையிலிருந்து நேர் தெற்கே வெறும் கடல். சின்ன ராக்கெட்டுக்கு அந்த மிச்சம் பெரிய லாபம்.

மணப்பாடு சீக்கிரம் முடிந்தது. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்குன்றின் மேல் 1581இல் எழுந்த திருச்சிலுவைக் கோயில், கலங்கரை விளக்கம், 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கிய குகை. குகைக்குள்ளும் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. அதை மாமாவிடம் காட்டியதும் தலையை மட்டும் ஆட்டினார், அவருக்கு இப்போது பழகிவிட்டது. கீழே கருமேனியாற்றின் முகத்துவாரத்தில் காற்றுப் பட்டம் கட்டி அலையில் சறுக்கப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஜூன், ஜூலைக் காற்றில் அதற்குத்தான் வருகிறார்களாம். அதே மாதங்களில் தேரிக்குப் போனால் கண்ணைத் திறக்க முடியாது. நவம்பர் மழைக்குப் பிறகு பிப்ரவரி வரை சரி. காரைத் தார் ரோட்டை விட்டு இறக்காதீர்கள், இழுக்க டிராக்டர் தேடவேண்டி வரும்.

திரும்பும் வழியில், உடன்குடிக்கு இந்தப் பக்கம் முருங்கைத் தோட்டம் ஒன்றில் புழுதி எழும்பியது. கம்ப்ரசர் சத்தத்தை வைத்தே மாமா சொல்லிவிட்டார். ஆட்டோவை நிறுத்தச் சொல்லிப் போனோம். ரிக் வண்டியின் நம்பர் டி.என். 34. திருச்செங்கோடு. ராடு மாற்றிக்கொண்டிருந்த பையன்கள் ஒடிசாக்காரர்கள். மேனேஜர் எங்கள் பக்கம். மாமா இந்தியில் பையன்களையும் கொங்கில் மேனேஜரையும் விசாரித்தார்.

“மணல் எவ்வளவு தூரமுங்?”

“அறுவது அடிக்குக் கேசிங் எறக்கிருக்கோமுங்க. அதுக்குக் கீழ பாறைங்க.”

“தண்ணி?”

“மணல்லயே இருந்துச்சுங்க, நல்ல தண்ணி. கொஞ்சந்தான் வருது, பத்தாதுன்னுட்டாருங்க. இப்ப எரநூறு தாண்டிட்டோம். உப்புத் தட்டுது.”

தோட்டக்காரர் வேலியோரம் நின்றிருந்தார். அவர் அப்பா காலத்தில் துலாக் கிணறு, முப்பது அடி. அது தூர்ந்துபோன இடத்தைக் காட்டினார். சுற்றிலும் எல்லோரும் போர் போட்டு மோட்டார் வைத்தபின் அதில் ஊற்று நின்றுவிட்டதாம். சொட்டு நீர்க் குழாய் போட்டிருக்கிறார். அதற்கே மானியம் வாங்க அலைந்திருக்கிறார். குறை சொல்ல அவரிடம் எதுவும் இல்லை. எங்கள் தோட்டத்தில் நாங்கள் செய்ததைத்தான் அவரும் செய்கிறார்.

“அண்ணாச்சி, இன்னும் நூறடி போனா நல்ல தண்ணி வருமா?” என்று மாமாவைக் கேட்டார்.

“வராதுங்க. கீழ போகப் போக உப்புதானுங்க. அடிய நல்லா அடச்சுட்டு, மேல மணல் தண்ணிய மட்டும் சின்ன மோட்டார்ல எடுங்க. ஒரு மணி நேரம் ஓட்டுங்க, நாலு மணி நேரம் நிறுத்துங்க. இல்லன்னா அதுவும் கெட்டுப் போயிரும்.”

மேனேஜருக்கு இது பிடிக்கவில்லை. அடிக்குக் கூலி வாங்குகிறவர். தோட்டக்காரர் யோசித்தார். பிறகு, வந்த வண்டியைத் திருப்பி அனுப்பினால் மறுபடி எப்போது கிடைக்குமோ, ஒரு ஐம்பதடி மட்டும் பார்த்துவிடலாம் என்றார். பையன் அடுத்த ராடை மாட்டினான். மாமா காதைப் பொத்திக்கொண்டு ஆட்டோவுக்கு வந்தார்; எங்களுக்குச் சாயங்காலப் பஸ் இருந்தது.